திரையில் தெரிந்த என் லட்சணம்

படித்தவனை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். அவன் கேள்வி கேட்பான். ஏதாவது ஒரு பதில் கைவசம் இருந்தால் போதும், திருப்தியாகிவிடுவான். நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். முதலீடு, வட்டி, இடர் என்று போர்டில் எழுதிப் போட்டுப் பிழைப்பவன். அந்த நான்தான் கீழ்வேளூரிலிருந்து பஸ் ஏறி, தஞ்சாவூர்க் கல்யாண மண்டபம் ஒன்றின் மேடையில், சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

கோட்டு போட வைத்தவன் பிரபு, என் பழைய மாணவன். கணக்குப் பதிவியலில் அவனைத் தேற்றிவிட நான் பட்ட பாடு பள்ளிக்கூடத்துக்கே தெரியும். (தேற்றியிருக்கக் கூடாது.) ஒருநாள் காரில் வந்து இறங்கினான்.

"சார், பேங்க்ல போட்டா காசு தூங்கும். நம்ம ஆப்ல டிஜிட்டல் காயின் வாங்கிப் போடுங்க, ஓடும்."

"ரிஸ்க்?" என்றேன், பெரிய மேதை போல.

"அதெல்லாம் விஷயம் தெரியாதவங்களுக்கு சார். நீங்க யாரு!"

அந்த "நீங்க யாரு" போதுமாக இருந்தது. நான் விழுந்துவிட்டேன்.

பணம் என் மனைவி மல்லிகாவுடையது. விவசாயம் முழுக்க அவள் பொறுப்பு. எங்கள் வயல் கடைமடை. ஆற்றில் தண்ணீர் திறந்த செய்தி பேப்பரில் வந்து, அந்தப் பேப்பரில் வடை மடித்துக் கொடுத்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் வரும். அதே வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடையில் ஒரு நிலம் குத்தகைக்கு வந்தது. அதன்மேல் அவளுக்குப் பல வருஷக் கண். சம்பா விற்ற பணத்தை அதற்கென்றே எடுத்து வைத்திருந்தாள். வைகாசிக்குள் கொடுத்தால் போதும், அதுவரை சும்மாதானே கிடக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"மாதிரி பாக்காம மூட்டைய எடுப்பாங்களா?" என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. குத்தூசியால் மூட்டையைக் குத்தி, வந்து விழுகிற நெல்லைக் கையில் தேய்த்து, கடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவோம். பிரபுவிடம் சொன்னோம். "தாராளமா பாருங்கம்மா" என்றான். கொஞ்சம் போட்டோம். ஒரே வாரத்தில் லாபத்தோடு என் வங்கிக் கணக்குக்கு வந்தது. மறுபடி போட்டோம், மறுபடி வந்தது. மல்லிகாவுக்கும் திருப்தி. மூட்டை வாயில் நல்ல நெல்லும் உள்ளே பதருமாகக் கட்டுகிறவர்களை ஊரில் நாங்கள் பார்க்காததா? செல்போனுக்குள்ளும் அப்படிக் கட்டுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மொத்தத்தையும் கொட்டினோம்.

அதன் பிறகு தினமும் ஒரு பச்சைக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. சந்தையாவது மண்ணாங்கட்டியாவது! எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து இழுத்த கோடு அது. அவன் கை விளங்காது.

பிறகுதான் தஞ்சாவூரில் அந்தக் காயின் கம்பெனியின் விழா. "வாத்தியார் சொன்னா ஜனம் நம்பும், ரெண்டு வார்த்தை பேசுங்க சார்" என்றான் பிரபு. என்னுடைய கல்யாண ரிசப்ஷன் கோட்டைத் தேடி எடுத்து மாட்டினேன். பொத்தான் போட இடம் கொடுக்காமல் தொப்பை மறியல் செய்தது. மல்லிகா பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மண்டபம் முழுக்க ஜனம். நகையை அடகு வைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேரோ! அவர்களை நம்பவைக்கத்தான் என் வாத்தியார் முகத்தை இரவல் வாங்கியிருந்தார்கள். என் பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்.

பேசினேன். பேசியதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் எனக்குச் செய்முறை விளக்கம் காட்டுகிற வியாதி உண்டு. செல்போனைப் புரொஜெக்டரில் இணைக்கச் சொல்லி, "இப்ப உங்க கண்ணு முன்னாடியே பணம் எடுத்துக் காட்டுறேன்" என்றேன்.

பிரபு முகம் செத்துப்போனது. "சார், சாப்பாடு ரெடி, வாங்க" என்று கோட்டைப் பிடித்து இழுத்தான். (பயலுக்குக் கூச்சம் என்று நினைத்தேன்.) எடுக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு தொகையைப் போடப் போனேன். முதல் வரிசையிலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது.

"கொஞ்சமா ஏன் எடுக்குறீங்க? அடியில குத்துங்க! குத்தகைக்குக் குடுக்கணும்ல?"

மண்டபம் கைதட்டியது. மொத்தத் தொகையையும் போட்டு அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றியது. பிறகு கொட்டை எழுத்தில் ஒரு வாசகம் வந்தது. வகுப்பில் வாசிக்கிற கணீர்க் குரலில் வாசித்தேன்.

"அன்பான வாடிக்கையாளரே, உங்கள் பணத்தைப் பெற, அதில் முப்பது சதவீதத்தை வரியாக முதலில் செலுத்தவும்."

மறுபடி ஒரு தடவை மனசுக்குள் வாசித்தேன். நம் பணத்தை எடுக்க நாமே வெளியிலிருந்து பணம் கட்டுவதா? இது மோசடி என்று என் பிளஸ் டூ பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். எனக்கு மேடையில் நின்றபோதுதான் உறைத்தது.

பிரபு மைக்கைப் பிடுங்கினான். "சர்வர் பிஸி! நம்ம வளர்ச்சியப் பாத்து சர்வரே திணறுது!"

அதற்கும் கைதட்டினார்கள்!

"டேய், என் காசு எங்கடா?" என்று கத்தினேன். அன்று நான் பேசியதில் உருப்படியான ஒரே வாக்கியம் அதுதான். அதற்குள் மல்லிகா மேடை ஏறிவிட்டாள்.

"தம்பி, மூட்டைய அவுத்துக் காட்டுப்பா."

"பொறுமை இல்லாதவங்களுக்கு இது சரிப்படாதும்மா" என்றான், சிரித்துக்கொண்டே.

பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் சாப்பிட்டுவிட்டு வந்து பணம் கட்டினார்கள். வேண்டாம் என்று வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். கோட்டு போட்ட பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள். மறுவாரம் அந்த ஆப்பும் இல்லை, பிரபுவும் இல்லை. புகார் கொடுத்தோம். "வாத்தியாரா நீங்க?" என்று காவலர் இரண்டு தடவை கேட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் இன்னொரு தோசை கேட்டால் "சர்வர் பிஸி" என்பார்கள். செலவுக்குப் பணம் கேட்டாலும் அதே பதில். சொந்தக்காரர்கள் வந்தால் கோட்டுக் கதையை முழுசாகச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு வழி?

தலைமடை நிலம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. தண்ணீர் வருகிற நாளில் மல்லிகாவும் நானும் மண்வெட்டியோடு எங்கள் கடைமடை வரப்பில் நிற்போம். முதலில் அந்த நிலம் நிறையும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. பொறுக்காமல் ஒவ்வொரு வருஷமும் கேட்டுவிடுவேன்.

"எப்ப வரும் மல்லிகா?"

வாய்க்காலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்.

"சர்வர் பிஸி."

அங்கே மட்டும் அவள் சிரிப்பதில்லை.