டெல்மர் குளத்து வெள்ளைக் கல்

அந்த ஆகஸ்ட்டில் எங்கள் ஆல்டர் ஃபோர்க் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைகளில் காலி பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஊர் முழுக்கக் குளக்கரையில் இருந்தது. மடக்கு நாற்காலி, தெர்மாஸில் காப்பி, டோனட் பெட்டி, கைக்குழந்தை சகிதமாக. ஐயோவாவில் சோளம் விளையும், பன்றி வளரும்; அற்புதம் நடந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதனால் தேடி வந்த அற்புதத்தைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

அற்புதத்தின் பெயர் ஓரன் பிளேக். வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, வெறும் கால். தொழில், குளத்தோடு பேசுவது. எந்த ஊர் என்று கேட்டால், தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் தன் ஊர்தான் என்பார். அவருடைய பிக்கப் வண்டியின் நம்பர் பிளேட் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்கா என்றது. நம்பர் பிளேட்டுக்கு ஞானம் போதாது.

எங்கள் பக்கத்தில் பண்ணைக்கு ஒரு குளம் உண்டு. மாடு தண்ணீர் குடிக்க வெட்டியவை. இப்போது பாஸ், புளூகில், கெளுத்தி என்று மீன் வளர்க்கிறோம். வளர்ப்பது சும்மா இல்லை. வசந்தத்தில் வயல் உரம் குளத்துக்குள் வழியாமல் பார்க்கவேண்டும். கோடையில் பம்ப் வைத்துத் தண்ணீருக்குள் காற்றடிக்கவேண்டும். இலையுதிர் காலத்தில் இலையை வாரவேண்டும். குளிர்காலத்தில் உறைந்த குளத்தின்மேல் விழுந்த பனியை வழித்துத் தள்ளி உள்ளே வெளிச்சம் போக வழி செய்யவேண்டும். முதுகு ஒடியும்.

ஓரன் வந்து, ஒன்றும் வேண்டாம் என்றார். நாலு பருவத்துக்கு நாலு கல். வசந்தத்துக்குப் பச்சை, கோடைக்கு வெள்ளை, இலை உதிரும்போது சிவப்பு, பனிக்குக் கறுப்பு. ஒவ்வொன்றும் துணிப்பையில் வைத்துத் தைத்தது. பருவத்துக்கு ஒன்றைக் குளத்தில் போட்டுவிட்டு வீட்டில் போய்க் கால் நீட்டிப் படுக்கலாம். குளம் தானே மூச்சு விட்டுக்கொள்ளும். சோம்பேறிகளுக்கு இதைவிடத் தோதான மதம் இதுவரை வந்ததில்லை. விலைதான் ஒரு கன்றுக்குட்டி விலை.

சில கட்டுப்பாடுகள் உண்டு. கல் ஒரு ராத்திரி அந்த வீட்டுக் கூரையின்கீழ் தூங்கவேண்டும். குளத்துக்காரர் குடும்பத்து ஆள்தான் தன் கையால் எறியவேண்டும். முக்கியமாக, காற்றடிக்கும் பம்பைக் கழற்றிவிடவேண்டும். இரும்பு ஊதும் காற்று குளத்துக்கு விஷமாம். அந்த விஷப் பம்பை நாற்சந்தியில் புதைக்கிற சிரமத்தை ஓரனே இலவசமாக ஏற்றுக்கொள்வார். அவ்வளவு நல்ல மனிதர்.

நிரூபணம் வேண்டுமா? காலை எட்டு மணிக்குக் குளக்கரைக்கு வாருங்கள். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு திணறும். ஓரன் துணிப்பையை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடி, கல்லுக்கு நாடி பார்ப்பார். விழித்துவிட்டது என்பார். வீட்டுக்காரர் எறிவார். ஓரன் ஓர் ஓரமாக உட்கார்ந்து முனகுவார். பத்து மணிக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கிவிடும். கரையே கைதட்டும். கண்ணால் பார்த்தாகிவிட்டது, இனி மூளைக்கு அங்கே என்ன வேலை?

மேகம் போட்ட நாளில் மட்டும் ஓரன் வரமாட்டார். அன்றைக்குக் கல்லுக்கு விரதம்.

ஜூலையில் அப்படித்தான் இரண்டு நாள் வானம் மூடிக் கிடந்தது. பம்பைக் கழற்றிவிட்டுக் கல்லைப் போட்டிருந்த நைஸ்ட்ராம் குடும்பத்துக் குளத்தில் அத்தனை மீனும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நாற்றம் நெடுஞ்சாலைவரை வந்தது. ஓரன் வந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார், விசாரித்தார். கல்லை எறிந்தபோது ஜோலின் நைஸ்ட்ராம் சிரித்துவிட்டாராம். ஆகவே கல் கோபித்துக்கொண்டதாம். அன்றிலிருந்து ஜோலினின் புருஷன் அவரோடு பேசவில்லை. கடையில் அவர் வரிசையில் நின்றால் மற்றவர்கள் அடுத்த வரிசைக்குப் போனார்கள். மீனைக் கொன்றது ஒருவர், பழியைச் சுமந்தது இன்னொருவர். எனக்கு வயிறு எரிந்தது. ஊருக்கு எரியவில்லை, ஊர் கல் வாங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது டெல்மர் ஹௌகனின் குளம். இது மற்றக் குளங்களைப்போல் இல்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் சனிக்கிழமை சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தூண்டிலோடு வருவது அந்தக் கரைக்குத்தான். டெல்மருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. வருஷத்துக்கு அந்த ஒருநாள் அவருக்கு நூறு பிள்ளைகள். குளத்தில் ஜட்ஜ் என்றொரு கிழட்டுக் கெளுத்தி இருந்தது. ஊரில் பாதிப் பேர் சின்ன வயதில் அதைப் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்ப விட்டவர்கள்தான். நைஸ்ட்ராம் குளத்தைப் பார்த்தபிறகு டெல்மருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் பிடித்தவர் பம்பைக் கூடுதலாக ஓடவிட்டிருக்கவேண்டும். அவர் பம்பைக் கழற்றி ஓரனிடம் கொடுத்துவிட்டு வெள்ளைக் கல்லை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் அவருடைய அக்கா மார்லிஸ் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்தார். நான் அப்போது டெல்மருக்கு உதவியாக அவர் அடுக்களையில் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தேன். மார்லிஸ் ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்தார்.

"பம்பு எங்கடா?"

"ஓரன் எடுத்துட்டுப் போயிட்டாருக்கா. புதைக்கணுமாம்."

"புதைக்க வேண்டியது பம்பை இல்லடா." மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முப்பது வருஷம் ஆலங்கட்டி மழைக்கு இன்ஷூரன்ஸ் வித்தவ நான். பயத்தை வித்தே பொழைச்சவளுக்கு இன்னொரு கடைக்காரனை அடையாளம் தெரியாதா?"

டெல்மர் தலையைக் குனிந்துகொண்டு, ஊரே கண்ணால் பார்த்தது பொய்யா என்று கேட்டார்.

"பார்த்தது நிசம்தான். ராப்பூரா உன் பாசியும் மீனும் சேர்ந்து தண்ணியில இருக்கிற காத்தைத் தின்னு தீர்த்துடும். விடியும்போது மிச்சம் இருக்காது, மீன் மேல வந்து திணறும். வெயில் ஏறினா அதே பாசி காத்தைத் திருப்பிக் குடுக்கும், மீன் கீழ போயிடும். கல்லு போட்டாலும் போகும், போடாட்டியும் போகும். வெயிலே வராட்டி என்னடா பண்ணுவே? திங்கக்கிழமைலேர்ந்து மூணு நாள் மேகம்னு ரேடியோல சொல்றான்."

"ஜோலின் சிரிச்சதாலதான் அங்க..."

"நான் உன் மூஞ்சியப் பார்த்து அறுபது வருஷமா சிரிக்கிறேன். நீ செத்தா போயிட்டே?"

 டெல்மர், பம்பைத் திரும்பக் கேட்கமாட்டேன், கேட்டால் கல் கெட்டுவிடும், பிள்ளைகள் வருகிற நேரத்தில் விஷப்பரீட்சை வேண்டாம் என்று முனகினார்.  மார்லிஸ், சரி, கல்லைத் தானே எறிவதாகவும், தன் வீட்டுக் கூரையும் அதே குடும்பத்துக் கூரைதான், ராத்திரி அது அங்கேயே தூங்கட்டும் என்றும் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார். போகிறபோது அலமாரியில் ஊசிநூல் இருக்கிறதா என்று கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை கூட்டம் சொல்லி மாளாது. மார்லிஸே எறியப்போகிறார் என்ற செய்தி பரவியிருந்தது. சந்தேகக்காரி மண்டியிடுவதைப் பார்க்கிற சுகத்துக்கு ஈடாக டோனட்கூட இல்லை. மார்லிஸ் ஜோலினைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

குளம் பார்க்கச் சகிக்கவில்லை. மேலெல்லாம் வாய்கள். ஜட்ஜ்கூட மேலே வந்து மீசையை நீட்டித் திணறிக்கொண்டிருந்தது. டெல்மர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓரன் பையை வாங்கி உள்ளங்கையில் வைத்தார். கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது. தாடி ஆடியது.

"எத்தனையோ குளம் பார்த்திருக்கேன். இப்படித் துடிக்கிற கல்லை என் கை தொட்டதில்ல. நேத்து இந்தம்மா மனசு மாறியிருக்கு, கல்லுக்கு அது தெரிஞ்சிருக்கு."

மார்லிஸ் அடக்கமாகத் தலையசைத்தார். அந்த அடக்கத்தை நான் அவரிடம் அதற்குமுன் பார்த்ததில்லை. பையைக் கரையோரமாகவே, ஆழமில்லாத இடத்தில் எறிந்தார். ஓரன் முனக ஆரம்பித்தார். சோளக்காட்டுக்குமேல் சூரியன் பளிச்சென்று ஏறியது. காப்பி தீர்ந்தது, டோனட் தீர்ந்தது. ஒன்பதரைக்குமேல் புளூகில்கள் இறங்கின, பிறகு பாஸ், கடைசியாக ஜட்ஜ். கரை கைதட்டியது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஓரன் எழுந்து, சிவப்புக் கல்லுக்கு முன்பதிவு இன்றே செய்தால் தள்ளுபடி என்று தொடங்கினார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் மார்லிஸ். "மீனை எறக்கினது நீங்க நாடி பார்த்தீங்களே, அந்தக் கல்லுதானே?"

"சந்தேகம் என்னம்மா. எல்லாரும் பார்த்தாங்களே."

"அப்போ இது என்ன?"

மார்லிஸ் கைப்பையைத் திறந்து வெள்ளைக் கல்லை எடுத்து மடக்கு மேசையில் வைத்தார். ராத்திரி முழுக்க அது தன் வீட்டில் பல்செட் டம்ளருக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கியது, இன்னும் எழுந்திருக்கவில்லை என்றார்.

 டெல்மர் மீன்பிடி வலையைக் கொண்டுவந்து, தண்ணீருக்குள் துழாவிப் பையை எடுத்தார். சட்டைப்பையிலிருந்த கத்தியால் தையலை அறுத்தார். உள்ளேயிருந்து ஓர் உருளைக்கிழங்கு உருண்டு புல்லில் விழுந்தது. நல்ல பருத்த கிழங்கு. தோல்கூடச் சீவவில்லை.

முதலில் சிரித்தது ஜோலின். வாயைப் பொத்தப் பார்த்தார், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். குளம் அமைதியாக இருந்தது. அவர் சிரித்தும் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அதைக் கரையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து அவருடைய புருஷன் எழுந்துவந்து, ஒன்றும் சொல்லாமல், காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஓரன் லேசுப்பட்டவர் இல்லை. கல்லின் சக்தி பையில் இறங்கி, பையிலிருந்து கிழங்குக்குப் போய்விட்டது என்றார். அப்படியானால் எல்லார் வீட்டு நிலவறையிலும் மூட்டை மூட்டையாகக் கிழங்கு இருக்கிறதே, உங்கள் கல்லுக்கு எதற்குக் கன்றுக்குட்டி விலை என்று மார்லிஸ் கேட்டார். 

டெல்மர் அந்த வாதத்தைக் கேட்க நிற்கவில்லை. நேராக ஓரனின் வண்டிக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். நாற்சந்தியில் புதைந்திருக்கவேண்டிய பம்புகள் அத்தனையும் அங்கே துடைத்து, பளபளவென்று, ஒவ்வொன்றின் கழுத்திலும் விலைச்சீட்டோடு உட்கார்ந்திருந்தன. அதற்குப்பிறகு ஊர் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. அவரவர் பம்பை அவரவர் அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த பணத்தையும் மறக்கவில்லை. வெறும்காலோடு ஓரன் பிளேக் ஊரைவிட்டுப் போகச் சரளைக்கல் பாதையில் வண்டிக்கு ஓடியதைப் பார்க்கவேண்டும். கல்லோடு அவ்வளவு பழகியவருக்குக் கல் குத்தியது.

திங்கள் முதல் மூன்று நாள் வானம் மூடியே கிடந்தது. டெல்மரின் பம்ப் இரவும் பகலும் ஓடியது. அவர் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். ஒரு மீனும் செத்து மிதக்கவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். ஒரு சின்னப் பெண் ஜட்ஜைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு நின்றபோது, டெல்மர் மூக்கைச் சிந்துகிற சாக்கில் கொட்டகைக்குள் போனார்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் ஊருக்கு மரியாதை. ஆனால் அக்டோபரில் தீவனக்கடையில் மூன்று பேர் மார்லிஸைத் தனியாகக் கூப்பிட்டு, அது எந்தத் தோட்டத்துக் கிழங்கு, தோலோடு போடவேண்டுமா சீவியா, குளிர்காலத்துக்கும் அதே கிழங்குதானா என்று ரகசியமாக விசாரித்தார்கள். மார்லிஸ் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். கிழங்கைக்கூட வேகவைத்துத்தானய்யா தின்கிறோம். காதில் விழுவதை மட்டும் ஏன் பச்சையாக முழுங்குகிறோம்?