எல்லார் கழுத்திலும் தமிழரசி

தன் பெயர் நாலு இடத்தில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாதவர் யார்? எனக்கு அந்த ஆசை ஒரே நாளில் நிறைவேறியது. அதோடு ஆசையே விட்டுப்போனது.

நெய்வேலியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சுரங்கப் பாதுகாப்புக் கருத்தரங்கு ஒன்று. வருகிறவர்கள் கழுத்தில் மாட்டும் பேட்ஜை வடிவமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. (கம்ப்யூட்டரில் பிறந்தநாள் வாழ்த்து செய்யத் தெரிந்த பாவம்!) முன்பக்கம் பெரிய சின்னம், கருத்தரங்கின் நீளமான தலைப்பு, மிச்சமிருந்த ஓரத்தில் எறும்பு சைஸில் வந்தவர் பெயர். பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது? ரூம், வண்டி, சாப்பாடு எதுவானாலும் என்னைக் கேட்கட்டும் என்று, சின்னதாக ‘உதவிக்கு’, கீழே கொட்டை எழுத்தில் ‘தமிழரசி’. அடடா, என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கருத்தரங்கு அன்று காலை செந்தில் போன் செய்தார். எங்கள் இருவருக்கும் பிடித்துப்போய், அவர் அம்மாவின் சம்மதம் மட்டும் பாக்கி நின்ற நேரம்.

“அம்மா பண்ருட்டியில பஸ் ஏறிட்டாங்க. சொல்லாம கொள்ளாம வந்து உன்னைப் பாக்கணுமாம். வேலைக்குப் போற பொண்ணு, திமிரு புடிச்சவளா இருந்தா வேணாம்ங்கறாங்க.”

“என்னை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

“கழுத்துல பேர் மாட்டியிருப்பான்னு சொல்லியிருக்கேன்.”

நாடாவை நடுவில் ஒரே ஓட்டையில் கோத்திருந்தேன். ஃபேன் சுற்றியதும் பேட்ஜும் சுற்றியது. மதியம் சாப்பாட்டுப் பந்தலுக்குள் நுழைந்தால், தொப்பை குலுங்க ரசம் குடிப்பவர் தமிழரசி. வழுக்கைத் தலைத் தமிழரசி ஒருவர், பக்கத்துத் தமிழரசியிடம் அப்பளம் கேட்கிறார். ஐயோ, என் மானம்!

ஓடினேன். “மன்னிச்சுக்குங்க சார்” என்று ஒவ்வொருவர் பேட்ஜாகத் திருப்பினேன். நான் நகர்ந்ததும் அது மறுபடி திரும்பிக்கொண்டது.

அதற்குள் பந்தல் வாசலில், கையில் பலாச்சுளைப் பொட்டலத்தோடு ஒரு அம்மா, மீசைக்கார அதிகாரி ஒருவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நீங்கதான் தமிழரசிங்களா?”

“இல்லீங்கம்மா, நான் சண்முகம்.”

“பின்ன எதுக்குங்க அடுத்தவங்க பேரை மாட்டிக்கினு நிக்கறீங்க?”

செந்திலின் அம்மாவேதான். கிட்டே போனேன். அத்தனை பேரில் என் பேட்ஜ் ஒன்றுதான் திரும்பாமல் நேராக நின்றது. அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதில் என் பெயரைத் தேடினார். சின்னம்தான் தெரிந்தது.

“நான்தாங்க அத்தை, தமிழரசி.” (‘அத்தை’ அதுவாக வந்து விழுந்துவிட்டது.) “இந்தக் கூத்தெல்லாம் நான் பண்ணதுதான்.” கல்யாணம் கைநழுவியது என்றே நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

“திமிரு புடிச்ச பொண்ணா இருப்பியோன்னு பயந்துகினே வந்தேன். இவ்ளோ அசடா இருக்கியே! எங்க வூட்டுக்கு ஒத்துப் போயிடும்,” என்று பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலு சுளை தின்றேன்.

கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டும்போது கடைக்காரருக்கு அத்தை போட்ட உத்தரவு: “ரெண்டு பக்கமும் வெட்டுங்க. எங்க மருமவ பேரு எப்ப திரும்பிக்கும்னு சொல்ல முடியாது.”

அதனால் எங்கள் வீட்டில் டம்ளரை எப்படித் திருப்பினாலும் நான்தான் இருக்கிறேன். சண்முகம் சார் எப்போதாவது வீட்டுப் பக்கம் வந்தால் போதும், வாசலிலிருந்தே அத்தையின் குரல் கேட்கும்: “தமிழரசி, இன்னொரு தமிழரசி வந்திருக்காரு. காப்பி போடு!”