ஐஸ்கிறீம் கையோடு சரணடைந்த கதை

நான் பயந்த ஆள். இதை ஒத்துக்கொள்வதற்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஆகவே சம்பவம் நடந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. வட அயர்லாந்தில், ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பழைய சந்தை நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (வழக்கு ஏதும் இன்னும் மூடப்படாமல் கிடந்தால்?)

அப்போது என் பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்பம் ஐந்து மாதமாக முடிவில்லாமல் கிடந்தது. அதைத் தீர்மானிக்கும் குடிவரவு அலுவலகம் இருந்தது குரோய்டனில்; அந்தப் பெயரைக் கேட்டாலே எழும்பி நின்றுவிடுவேன். மனைவி சுமதியிடமும் மகள் அபியிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. என்னிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட்டும், பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கலாம் என்ற அனுமதியும்தான். லண்டனில், டூட்டிங்கில் எனக்குப் படிவம் நிரப்பித் தந்த அண்ணை, "தம்பி, முடிவு வருமட்டும் ஒரு சின்னப் பிழையும் விட்டிடாதையும்" என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து வாகனமே வராத வீதியிலும் பச்சை விளக்கு எரியும்வரை நின்றேன். நூலகப் புத்தகங்களைத் தவணை தப்பிவிடும் என்ற பயத்தில் படிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

வட அயர்லாந்தும் பிரிட்டனின் பகுதிதான், விசா தேவையில்லை என்று சுமதி மூன்று முறை சத்தியம் செய்த பிறகே விமான டிக்கெட் போட்டோம். அப்படியும் என் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் ஊர் பார்த்தேன். அபி சிறு படகில் போகக் கேட்டாள். ஃபைல் நனைந்துவிடும் என்று மறுத்துவிட்டு, சமாதானத்துக்கு ஆளுக்கொரு ஐஸ்கிறீம் வாங்கினேன். அதை நக்கிக்கொண்டே ஆற்றோரப் பாதையில் நடந்தோம். எதிர்க்கரையில் நின்றால் பழைய கோட்டை முழுசாகப் படத்தில் விழும் என்று பட்டது. கல்பாலத்தைக் கடந்து போனோம்.

ஜாக்கெட் பை அதிர்ந்தது. போனில், "அயர்லாந்துக் குடியரசுக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று ஒரு செய்தி.

எல்லை ஆற்றின் நடுவில் ஓடியிருக்கிறது. நான் நின்றது, என் பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்கும் வேறொரு நாட்டில்.

"அதுக்கென்னப்பா, திரும்பி நடவுங்கோ. பாலம் இந்தா கிடக்கு," என்றாள் சுமதி.

"ஏலாது! பதியாமல் வந்திட்டன். இனிப் பதியாமல் போனா அது ரெண்டாவது குற்றம்."

சிரிக்காதீர்கள். நான் வளர்ந்த காலத்தில் எங்கள் ஊரில் கடைக்குப் போக இரண்டு சென்றி, ஆமிக்காரரின் சோதனைச் சாவடி, தாண்டவேண்டும். போகும்போது பதியாதவனிடம் திரும்பும்போது கேட்கும் கேள்விகள் பொல்லாதவை. ஆளில்லாத எல்லை ஒன்று இந்த உலகத்தில் இருக்கும் என்று நான் நம்பவே இல்லை. எங்கேயோ மறைந்திருக்கிறார்கள், பிடிபடுவதற்கு முதல் நானே போய்ச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் புத்தி போனது.

ஆற்றோரத்தில் பச்சைச் சீருடையும் தொப்பியுமாக ஒருவர் நின்றார். இரண்டு கைகளையும் நன்றாகத் தெரியும்படி உயர்த்திக்கொண்டு அவரிடம் போனேன். ஐஸ்கிறீம் உருகி முழங்கை வரை வழிந்தது.

"ஐயா, நான் சட்டவிரோதமாக உள்ளே வந்துவிட்டேன்," என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மீன் பிடித்தீர்களா?"

"இல்லை ஐயா."

"தூண்டில் வைத்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் எனக்கும் உங்களுக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார். ஆற்றில் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பவர்களைப் பிடிக்கும் அலுவலராம்!

அதோடு விட்டேனா? நானாக வந்து சரணடைந்தேன் என்று எழுதித் தரும்படி கெஞ்சினேன். சுமதி முகத்தைப் பொத்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டாள். மனிதர் பெருமூச்சு விட்டு, குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: "இவர் மீன் எதுவும் பிடிக்கவில்லை. மிக மரியாதையானவர்." கையெழுத்தும் போட்டார். அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தேன். பிரிட்டன் பக்கம் வந்ததும் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

லண்டன் திரும்பியதும், மறைத்தால் பிழை என்று முழுக் கதையையும் நாலு பக்கத்தில் எழுதி, அந்தத் தாளின் பிரதியோடு குரோய்டனுக்கு அனுப்பினேன். டூட்டிங் அண்ணை கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐசே, கேக்காததுக்கு ஏன் பதில் எழுதினனீர்?"

பத்து வாரம் நித்திரையில்லை. பிறகு குடியுரிமை கிடைத்தது. என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குடியுரிமை விழாவில் நான் உறுதிமொழி எடுக்க எழும்பியபோது சுமதி காதுக்குள், "மீன் பிடிச்சனீங்களோ எண்டு கேட்டா இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றாள். விழா முழுக்கச் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் அபி முதலில் காட்டுவது வரவேற்பறையில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் அந்தத் தாளைத்தான். வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் கழற்ற விடமாட்டேன். இத்தனை வருடத்தில் சீருடை போட்ட ஒருவர் என்னைப் பற்றி நல்லதாக எழுதியது அது ஒன்றுதான்.