தேன் பாட்டிலும் சக்கரை போடாத காபியும்

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. முப்பது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மாமியார் ஊரான பெருங்களத்தூரில் ஒருவர்கூட நம்பவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. வீடு மேற்குத் தாம்பரம். வேலை, கடற்கரை ஸ்டேஷன் அருகே ஓர் ஆபீஸில். மின்சார ரயிலில் ஒரு மணி நேரம் மனிதர்களை நிற்கவைத்து ஏற்றிப் போகிறார்களே, அதில் ஒரு கழிப்பறை வைக்க யாருக்காவது தோன்றியதா? ஆபீஸில் கழிப்பறை இருந்தது. சாவி மேனேஜர் மேசைமேல். எடுக்கப் போனால், "இப்பதானேப்பா போன?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார். (மனுஷனா அந்த ஆளு?) ஆகவே நான் ஒரு மேதாவித்தனமான முடிவெடுத்தேன். வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்வது.

ஆறே மாதத்தில் பலன் தெரிந்தது. போனால் எரிச்சல். போய்விட்டு வந்தால் மறுபடி போகவேண்டும் போலிருக்கும். அடிவயிற்றில் கருங்கல்லை வைத்த மாதிரி ஒரு கனம். யாரிடம் சொல்வது? தாம்பரத்துச் சுவர்களெல்லாம் 'வாலிபர்களே!' என்று கூப்பிட்டு, லாட்ஜ் வைத்தியரிடம் வரச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்த காலம். கல்யாணமாகாதவன் மூத்திரம் எரிகிறது என்றால் ஊரே அவன் ஒழுக்கத்தைத்தான் விசாரிக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த லட்சணத்தில்தான் என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போனார்கள். பெருங்களத்தூரில் பழைய குடும்பம், வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்தன. பெண் பெயர் மல்லிகா. அந்த வீட்டில் எதையும் முடிவு செய்பவர் அவளுடைய தாய்மாமன் ஏகாம்பரம். ஐம்பத்தைந்து வயது, முறுக்கு மீசை.

கழிப்பறை தோட்டத்தில். கூடத்திலிருந்து சமையலறை வழியாகத்தான் போகவேண்டும். சமையலறையில் பெண், பஜ்ஜித் தட்டோடு, எப்போது கூப்பிடுவார்கள் என்று நின்றுகொண்டிருக்கிறாள். அவள் கூடத்துக்கு வந்து நிற்கும்போதுதான் மாப்பிள்ளை முதன்முதலாகப் பார்ப்பது முறை. நான் அதற்குள் போகும்போது மூன்று, வரும்போது மூன்று என்று ஆறு முறை பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவை போனபோது அவளே விளக்கைப் போட்டு, வாளியில் தண்ணீரும் நிரப்பி வைத்திருந்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான்காவது முறை எழுந்தேன்.

"இன்னாபா இது, மாப்ள நாலாவது தபா எந்திரிக்கிறாரு? சக்கர வியாதி கீதா?" என்றார் ஏகாம்பரம்.

"சேச்சே, தண்ணி கொஞ்சம் அதிகமா குடிச்சிட்டான்" என்றாள் என் அம்மா. (நான்! தண்ணீர்!)

"அப்போ டெஸ்ட் எடுத்துக் காட்டட்டும். அப்பால பேசலாம். நானும் கூட வரேன்."

மாப்பிள்ளையிடம் ஜாதகம் கேட்பார்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள். மூத்திரம் கேட்ட குடும்பம் அது ஒன்றுதான்.

அப்போது எங்கள் பக்கத்து லேப்களில் டப்பா தரமாட்டார்கள். பாட்டிலை நாம்தான் கொண்டுபோகவேண்டும். மறுநாள் காலை அலமாரியில் கைக்கு அகப்பட்ட ஒரு காலி பாட்டிலை எடுத்துக் காரியத்தை முடித்து, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாட்டிலைக் கழுவவேண்டும் என்று தோன்றவே இல்லை. (பட்டதாரி வேறு.)

லேப் வாசலில் ஏகாம்பரம் மாமா காத்திருந்தார். பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். மூடியைச் சுற்றி எறும்பு.

"அய்யய்ய! வழியிலயே எறும்பு மொய்ச்சிகினு வந்துக்கீதே! இதுக்கு டெஸ்ட்டே வாணாம்பா!"

லேப்காரர் நீல மருந்தில் நாலைந்து சொட்டு விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. "ஃபுல் சுகர் சார்" என்றார். மாமா என் தோளில் கை வைத்தார். "தப்பா நெனச்சிக்காத கண்ணு. எங்க பொண்ணு உனக்கு வாணாம்."

வீட்டில் அம்மா ஒரே அழுகை. மூன்றாம் நாள் எனக்குக் குளிர்ஜுரமும் சேர்ந்துகொள்ள, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் லேப் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதுலப்பா பிடிச்சுக் குடுத்த?"

"வீட்டுல இருந்த ஒரு சின்ன பாட்டில்ல சார்."

"பச்சை மூடி போட்டதா?" என்றாள் அம்மா. "அய்யோ, அது தேன் பாட்டில்டா!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எறும்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுபடி டெஸ்ட். சர்க்கரை துளியும் இல்லை, சீழ் இருந்தது. பிறகு அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். அந்த இரண்டு நிமிடத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

"புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கு."

"அது கிழவங்களுக்குத்தானே சார் வரும்?"

"அவங்களுக்கு வர்றது வேற. வாலிபப் பசங்களுக்குக் கிருமியால வரும். மாத்திரைய பாதியில நிறுத்தாம சாப்பிடு, சரியாயிடும். தண்ணி குடி. அடக்காத."

சர்க்கரை இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு பெருங்களத்தூருக்கு ஓடினேன். வாசலிலேயே மாமா மறித்தார். "அப்போ இன்னாதான் நோவு உனக்கு?"

சொன்னேன். மாமாவின் மீசை இறங்கியது. கையைப் பிடித்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"மெதுவா பேசு. அடிக்கடி வருதா? வந்தா சொட்டு சொட்டா நிக்குதா? எனக்கும் ரெண்டு வருஷமா அப்டித்தான் கீது. வூட்ல யாருக்கும் தெரியாது. அந்த டாக்டராண்ட என்னையும் இட்டுகினு போ மாப்ள!"

மாப்ள! கல்யாணம் நிச்சயமானது மோட்டார் கொட்டகைக்குப் பின்னால்தான்.

ஆனால் மாமாவுக்கு மானம் பெரிது. கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் அறிவித்தார்: "மாப்ளைக்கு சக்கர லேசாத்தான் கீது. காபில சக்கர போடாம குடுத்தா போதும். மாசாமாசம் நானே டாக்டராண்ட இட்டுகினு போறேன்."

நான் வாயைத் திறந்தேன். சமையலறைக் கதவோரம் மல்லிகா நின்றிருந்தாள். மூடிக்கொண்டேன்.

மாமா எண்பது தாண்டி, தன் நோவை வீட்டில் யாருக்கும் காட்டாமலே போய்ச் சேர்ந்தார். மல்லிகாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் வாய்விட்டுச் சிரிப்பதோடு சரி.

போன மாதம் என் மகன், இருபத்தைந்து வயது, முகத்தைச் சுளித்துக்கொண்டு பாத்ரூமிலிருந்து வந்தான். அன்று அது மூன்றாவது தடவை. (எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.) என்னடா என்றால், "ஒண்ணுமில்லப்பா." அதே 'ஒண்ணுமில்ல'. உட்காரவைத்து, எறும்பு முதல் கையுறை வரை அவ்வளவும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து, தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் எரியுதுப்பா" என்றான். அன்றைக்கே டாக்டரிடம் போனோம். லேபில் புது டப்பா கொடுத்தார்கள். இருந்தாலும் நான் அதை மோந்து பார்த்தேன்.

அவன் குணமான பிறகு பெருங்களத்தூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். மல்லிகாவின் அண்ணி எங்கள் முன்னால் இரண்டு டம்ளர் காபி வைத்தார்.

"தம்பியும் டாக்டர்கிட்ட போய்கினு கீதாமே? அதான் ரெண்டுலயும் சக்கர போடல."

மகன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் குடித்தான்.