நலம் விசாரிப்புப் பிரிவு

உடம்பு சரியாகிவிட்டால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரிகள் தோன்றிய நாளிலிருந்து நிலவிவரும் ஒரு மூடநம்பிக்கை. அதை வேரோடு களைந்த பெருமை ஓர் ஆஸ்பத்திரியின் நலம் விசாரிப்புப் பிரிவையே சாரும். அந்தப் பெருமைக்காகத் தம் குடலிறக்கத்தை அர்ப்பணித்தவர் ஒரு தையல்காரர்.

அவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தையலும் பிரித்தாகிவிட்டது. குனிந்து வயிற்றைப் பார்த்தார். உள்ளே லைனிங்குக்கு இப்படித் தைத்திருந்தால் மன்னித்துவிடலாம், வெளியே தெரிகிற இடத்தில் இப்படியா என்று தொழில்முறையில் ஒரு வருத்தம் வந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். வார்டு சிஸ்டரும் போகலாம் என்றார். தையல்காரர் பையைக் கட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்துவிட்டார். கடையில் வெட்டிப் போட்ட துணியெல்லாம் அப்படியே கிடந்தது. அதைவிடப் பெரிய கவலை மனைவியைப் பற்றித்தான். அவள் தனியாக என்ன பாடு படுகிறாளோ, தன்னை விட்டு ஒரு நாள்கூட இருந்ததில்லையே என்று சிஸ்டர் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நலம் விசாரிப்புப் பிரிவின் தலைவி உள்ளே வந்தார்.

அவரும் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர்தான். ஊசி போடுவதில் தொடங்கி, ஊசி போடுகிறவர்களை மேற்பார்வை பார்த்து, இப்போது ஊசி போடுவதைப் பற்றி ஆராய்கிற உயரத்துக்கு வந்திருந்தார். வார்டில் அவருக்கு விசாரணை அம்மா என்று பெயர். அது அவர் காதுக்கு எட்டியதில்லை. அந்த வருஷம் ஆஸ்பத்திரிகளில் நலவாழ்வு ஆய்வுதான் மோஸ்தர். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் நாம் மட்டும் சும்மா இருக்க முடியுமா? நோயாளி நலம், குடும்ப நலம், சமுதாய நலம் என்று மூன்று நலம். மூன்றும் சேர்ந்தால் முழுநலம். சிஸ்டர்களில் பாதிப் பேர் ஆய்வுக்குப் போய்விட்டதால், நோயாளி மணி அடித்தால் வர ஆள் இல்லை. மணி அடித்தும் யாரும் வராதபோது மனசுக்கு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ள மட்டும் இரண்டு பேர் தவறாமல் வந்தார்கள்.

விசாரணை அம்மா தையல்காரரின் செருப்பைப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்குத்தான் மேடம். குணமாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அவர் சொன்னது உங்க வயித்தைப் பத்தி. உங்க குடும்பம் எப்படி இருக்கு, உங்க தெரு எப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியுமா? அது தெரியாம உங்களை அனுப்பினா, பட்டன் வைக்காத சட்டையைக் கொடுத்தனுப்பின மாதிரி ஆயிடும்."

பட்டன் வைக்காத சட்டைகளைப் பலமுறை கொடுத்தனுப்பியவர் என்பதால் தையல்காரருக்கு அதன் விளைவு நன்றாகத் தெரியும். செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் விட்டார்.

ஆய்வுக் குழு அவர் வீட்டுக்குப் போயிற்று. கதவைத் திறந்த மனைவியிடம், எப்படி இருக்கீங்க என்று கேட்டது. "நல்லா இருக்கோம்" என்றாள் அவள். முன்பின் தெரியாதவர்கள் வாசலில் வந்து கேட்டால் வேறு என்ன சொல்வது? கூரை ஒழுகினாலும் அடுப்பு எரியாவிட்டாலும் நம் வாயில் தயாராக இருக்கிற பதில் அது ஒன்றுதானே. குழு தெருவுக்குள் இறங்கியது. இஸ்திரிக்காரர் நல்லா இருந்தார். சைக்கிள் கடைக்காரரும் நல்லா இருந்தார். எதிர்வீட்டுக்காரருக்குப் பல்வலியில் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. அவர் அதைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நல்லா இருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் விசாரணை அம்மா முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். நோயாளி ஆஸ்பத்திரியில் தங்கியிருக்கும் காலத்தில் அவருடைய குடும்பமும் தெருவும் சிறந்த நலத்தோடு விளங்குவது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டதாம்.

"இதுக்கு முன்னாடியும் அவங்க அப்படித்தானே மேடம் இருந்தாங்க" என்றார் தையல்காரர்.

"முன்னாடி நாங்க கேக்கலையே. கேக்காததுக்கு ஆதாரம் ஏது?"

ஒரு மனிதர் வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறார் என்பதற்காக ஒரு தெருவின் நலத்தையே பணயம் வைக்க முடியாது என்று முடிவாயிற்று. எனக்கு மனசு நலமாக இல்லை என்றார் தையல்காரர். நலமில்லாதவரை எப்படி அனுப்புவது என்றார்கள். சரி, நலமாகத்தான் இருக்கிறேன் என்று அடுத்த நாள் மாற்றிச் சொன்னார். இந்த இடம் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது, இருங்கள் என்றார்கள். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. தான் இல்லாமல் மனைவி நன்றாக இருக்கிறாள் என்பதுதான் அவரைக் குடைந்தது. பொய் சொல்வானேன், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதார்.

பார்வையாளர் நேரத்தில் மனைவி வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நான் இல்லாம நல்லா இருக்கியாமே."

"யார் சொன்னது?"

"நீதான் சொன்னியாம்."

"வாசல்ல வந்து நின்னு கேட்டா வேற என்னத்தைச் சொல்றது? வீட்டு விஷயத்தை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க குறட்டை இல்லாம எனக்குத் தூக்கமே வரல."

தையல்காரர் இந்தப் பக்கம் திரும்பினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இதை அப்படியே போய் அந்த அம்மாவிடம் சொல்லு, ஒன்றுவிடாமல் சொல்லு என்று அவளை அனுப்பிவைத்தார்.

அவளும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அந்நியரிடம் உள்ளதை உள்ளபடி கொட்டித் தீர்த்தாள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, மகள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். விசாரணை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருடைய பிரிவு தொடங்கிய நாள் முதல் நல்லா இல்லை என்று சொன்ன முதல் ஜீவன் இவள்தான்.

குடும்ப நலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளது என்று அறிவித்து, குடும்பத்தை உடனே அட்மிட் செய்யச் சொன்னார்.

வார்டு சிஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவங்களுக்கு வியாதி ஒண்ணும் இல்லையே மேடம்."

"அதைத்தானே ஆராயப் போறோம்."

மனைவியைப் பெண்கள் வார்டிலும் மகளைக் குழந்தைகள் வார்டிலும் படுக்க வைத்தார்கள். அங்கே கட்டில் போதாமல் ஆண்கள் வார்டிலிருந்து ஒன்றை இழுத்துவர வேண்டியிருந்தது. அதனால், வியாதியே இல்லாமல் ஒரு கட்டிலை அடைத்துக்கொண்டு கிடக்கும் நபர் என்று தையல்காரரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவருக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கடைக்குப் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தார், கால் மிதிக்க மறுத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பார்வையாளர்கள் வந்துபோனால் ஆய்வு முடிவு கெட்டுவிடும் என்று வாசலிலேயே தடுத்தார்கள். எப்போது முடியும் என்று கேட்டார். முழுநலம் கிடைத்ததும் என்றார்கள். அன்றைக்கே அவர் ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். இனி எவர் வந்து கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது, நாசமாய்ப் போய்க்கொண்டிருக்கிறேன், என் பெண்டாட்டி பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது. துணி வெட்டும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பழகினார்.

ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் வார்டு சிஸ்டர் நின்றிருந்தார். அவரையும் ஆய்வுக்கு மாற்றிவிட்டார்களாம். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி முகம் கறுத்து, செருப்பு வார் அறுந்து, பாதம் வீங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு விசாரணை அம்மா நின்றிருந்தார்.

தெரிந்த முகத்தைப் பார்த்ததும் தையல்காரருக்கு மனசு இளகிவிட்டது. "வாங்க சிஸ்டர். எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்" என்றார் சிஸ்டர், சுவரைப் பிடித்துக்கொண்டு. "நீங்க?"

"நல்லா இருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அதற்குள் விசாரணை அம்மா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டையும் எழுதிக்கொண்டுவிட்டார்: குடும்பம் இல்லாமல் ஒருவர் நலம், ஓய்வு இல்லாமல் ஒருவர் நலம்.