மாமா கண்ணைச் சிமிட்டினார்

ரகசியத்தை வெளியே சொல்லிக் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்தவர்கள் உண்டு. நான் ரகசியத்தைக் காப்பாற்றியே அந்தக் காரியத்தைச் செய்தவள்.

அப்போது வேலை கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கொழும்பில் ஒரு டிஜிட்டல் காசுக் கம்பெனி. பிளொக்செயின் என்கிறார்களே, அதில் யார் கணக்கிலிருந்து யார் கணக்குக்குக் காசு போகிறது என்பது உலகமே பார்க்கும்படி திறந்து கிடக்கும். அந்தக் கணக்கு யாருடையது என்பது மட்டும் தெரியாது. யார் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். என்னை யாருக்கும் காட்டிக் கொடுக்காதே என்கிறார் வாடிக்கையாளர். இந்த இரண்டுக்கும் நடுவில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார வேண்டும். அந்த ஒருத்தி நான்தான். ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அம்மாவின் தையல் மெசின்மேல் லெப்டொப்பை வைத்துக்கொண்டு.

வேலை சுலபம். வீடியோவில் வருகிறவரின் முகத்தையும் அடையாள அட்டைப் படத்தையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும். வந்திருப்பது வெறும் போட்டோ இல்லை, உயிருள்ள ஆள்தான் என்று உறுதிப்படுத்த நான் கண்ணைச் சிமிட்டச் சொல்வேன், தலையைத் திருப்பச் சொல்வேன், வாயைத் திறக்கச் சொல்வேன். எல்லாம் சரியென்றால்தான் பெயர் என் திரைக்கு வரும். அதுவரை வெறும் எண்தான். பார்த்ததைப் பெற்ற தாயிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். (நான் அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டேன் என்றால், "ஒங்க மனேஜருக்கு கல்யாணம் ஆயிருச்சா?" என்று அம்மா கேட்டதற்குக்கூட, "அதெல்லாம் வெளிய சொல்ல முடியாது" என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன்.)

அன்று பின்னேரம் நல்ல மழை. ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து மூடுபனி இறங்கி வந்து வாசற்படியில் நின்றது. பகலிலேயே வீட்டுக்குள் லைட் போட வேண்டியிருந்தது. தகரக் கூரையின் சத்தத்தில் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி அடுத்த அழைப்பை எடுத்தேன்.

திரை முழுக்க இருட்டு. பிறகு புகை. புகைக்குப் பின்னால் வெளிறிய தோல்கள் போல என்னென்னவோ வரிசையாகத் தொங்கி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவிலிருந்து ஒரு முகம் முன்னால் வந்தது. நரைத்த மீசை. ஒரு பக்கம் நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி.

என் தாய்மாமாவின் முகம். போன வருடம் செத்துப்போன மாமா.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் பயிற்சியில் மனப்பாடம் செய்த வரிகள் என் வாயிலிருந்து தாமாகவே வந்தன.

"கண்ணைச் சிமிட்டுங்க, ஐயா."

மாமா கண்ணைச் சிமிட்டினார்.

"இடது பக்கம் திரும்புங்க."

திரும்பினார்.

"வாயைத் திறங்க."

அந்த வாய்க்கு நான் என் கையால் வாய்க்கரிசி போட்டிருக்கிறேன். அது மெதுவாகத் திறந்தது. உள்ளே ஒரே இருட்டு. திரையின் மூலையில் பச்சை எழுத்து மின்னியது: 'உயிருள்ள நபர் என்பது உறுதி.' அதன் கீழே மாமாவின் முழுப் பெயர்.

"ஐயோ, மாமா!" என்று நான் போட்ட கூச்சலில் மழைச் சத்தமே அடங்கிப்போனது போலிருந்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டது. நான் தையல் மெசினோடு சேர்ந்து சரிந்தேன்.

கண் விழித்தபோது அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் காம்பிராவிலிருந்து அத்தையும் வந்துவிட்டாள். மாமாவின் மனைவி.

"என்னத்தடி பாத்த?"

"சொல்லக் கூடாதும்மா."

"மாமான்னு கத்துனியே!"

சொல்லிவிட்டால் வேலை போய்விடும். சந்தேகமான அழைப்பு வந்தால் உடனே மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அதைச் செய்யாவிட்டாலும் வேலை போய்விடும். நான் கையை நீட்டி, "லெப்டொப்ப குடுங்க, மேல இருக்குறவங்களுக்கு அறிவிக்கணும்" என்றேன். அம்மா கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பூசாரிக்கு ஆள் அனுப்பினாள்.

பூசாரி நனைந்துகொண்டே வந்து என் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினார். முகத்தில் திருநீற்றை வீசினார்.

"யாரு நீ? பேரச் சொல்லு!"

"மன்னிச்சுக்கங்க, பேரு சொல்ல முடியாது."

"எந்த தோட்டம்?"

"அதுவும் முடியாதுங்க."

"சொல்ல விடாம யாரு தடுக்குறா?"

"கம்பெனி."

பூசாரி கொஞ்சம் பின்வாங்கி அம்மாவைப் பார்த்தார். "ஒண்ணு ரெண்டு இல்லம்மா. கூட்டமா வந்து புடிச்சிருக்குதுங்க."

"எப்ப புடிச்சதுன்னு கேளுங்க சாமி" என்று அழுதாள் அம்மா.

"போன மாசம் கையெழுத்துப் போட்டேனே, அப்பவே" என்றேன். (வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கேள்வி கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் பயிற்சியில் இருந்தது.) பூசாரி கையிலிருந்த வேப்பிலையைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் கதவு திறந்தது.

பனிக்குள் மாமா நின்றார். அதே கண்ணாடி, அதே நரைத்த மீசை, அவருடைய கோடு போட்ட சட்டை. உடம்பிலிருந்து புகை வாடை அடித்தது. முதலில் ஓடியவர் பூசாரி, பின்கதவு வழியாக. அம்மா அவரை முந்தப் பார்த்தாள். நான் தையல் மெசினுக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

அத்தை மட்டும் நகரவில்லை. கற்பூர வெளிச்சத்தில் அந்த முகத்தை உற்றுப் பார்த்தபடி, "நனைஞ்சுட்டீங்களே" என்றாள் மெதுவாக. "உள்ள வாங்க."

"அம்மா, நாந்தாம்மா!" என்று மாமா அழ ஆரம்பித்தார்.

வந்தது மாமா மகன் யோகராஜா. தோட்டத்துப் புகைக்கூட்டில் ரப்பர் சீட்டுகளைப் புகை போட்டுக் காய வைக்கிறவன்; திரையில் தொங்கிய தோல்கள் அவைதான். அப்பனை உரித்து வைத்த முகம். ஓய்வு நேரத்தில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு கேம் படங்கள் வரைந்து கொடுப்பான்; அவர்கள் டிஜிட்டல் காசில் சம்பளம் தருவார்கள். அதை எடுக்க அவன் யார் என்று நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் யோகராஜா. அடையாள அட்டையில் யாரோ ஒருவர் தவறாக எழுதிய லோகராஜா. எங்கள் கம்பெனி ஒவ்வொரு தடவையும் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. கடைசியில், பிழையே இல்லாத அப்பாவின் அட்டையை எடுத்துக்கொண்டான். அதில் பிறந்த வருடம் பழையது என்பதால் மரத்துக்கு நம்பர் போடும் வெள்ளைப் பெயின்டை மீசைக்கு அடித்திருக்கிறான். வாடிக்கையாளருக்கு எங்கள் முகம் தெரியாது; என் கூச்சலைக் கேட்டுத்தான் குரலை அடையாளம் கண்டு, பயந்து ஓடி வந்திருக்கிறான்.

"நானா இருந்தா, நான் நானில்லங்குறாங்க" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அப்பாவா போனதும் ஒடனே சரின்னுருச்சு."

அவன் அழுதுகொண்டிருக்கும்போதே அறிக்கையை அனுப்பினேன். வந்தவர் என் உறவினர், இதில் நான் முடிவு சொல்லக் கூடாது என்று எழுதினேன். விண்ணப்பத்தை வேறொருவர் நிராகரித்தார். என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள், வாடிக்கையாளர் முன் கூச்சல் போட்டதற்காக. யோகு கேகாலைக்கும் ருவான்வெல்லைக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்து அட்டையில் அந்த ஒரு எழுத்தைத் திருத்திக்கொண்டு வந்தான். இப்போது அவன் சம்பளம் அவன் பெயரிலேயே வருகிறது. மீசையைத்தான் காப்பாற்ற முடியவில்லை, வழித்தெடுக்க வேண்டியதாயிற்று. (இதையெல்லாம் எழுத அவனிடம் சம்மதம் வாங்கிவிட்டேன்.)

இன்றைக்கும் எங்கள் லயத்தில் யாராவது எதையாவது சொல்லாமல் மழுப்பினால், "கம்பெனி புடிச்சிருக்கு, பூசாரிய கூப்புடு" என்பார்கள். பூசாரி மட்டும் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

அத்தை இந்தக் கதைக்குச் சிரிப்பதில்லை. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"அன்னைக்கி பேசுன படம் ஒங்க கம்பெனியில இருக்குமில்ல? ஒருக்கா காட்டேன்."

"அது நம்ம யோகு தானே, அத்தை."

"தெரியும்டி. கண்ண சிமிட்டுறத மட்டும் காட்டு."

விதிப்படி அதை நான் யாருக்கும் காட்ட முடியாது. அதை அத்தையிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. "இன்னைக்கி பனி, சிக்னல் இல்ல அத்தை" என்கிறேன். அவளும் எழுந்து வாசலுக்குப் போய், பனி விலகிவிட்டதா என்று பார்க்கிறாள்.