செங்கலடி முழுக்க நான் நீந்தின கதை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாமாட சாப்பாட்டுக்கடை திறப்புக்கு அறிவித்தல் ரெக்கோர்ட் பண்ணி, பென்ட்ரைவ்ல போட்டு, அன்வர் நானாட கையில குடுக்கிறது.

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

நான் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்திரிக்கன் போல.

இத இப்ப பார்சல் கட்டிக்கொண்டு நடுவால நடுவால டைப் பண்றன். எழுத்துப்பிழை கிடந்தா, குழம்புக் கையெண்டு நினைச்சுக்கொள்ளுங்க.

முதல்ல மாமாவச் சொல்லணும். அம்மாட தம்பி. கட்டார்ல ஒரு கேம்ப்ல வருசக்கணக்கா சமைச்ச மனுசன். "இனி அங்கால தலை வச்சும் படுக்க மாட்டன்" எண்டு சொல்லிட்டு வந்து, கையிலிருந்த எல்லாத்தையும் போட்டு செங்கலடிச் சந்திக்குக் கிட்ட பிரியாணிக்கடை போட்டாரு.

மாமி நம்பல்ல. மாமாட சூட்கேஸ உடுப்புக் கூட எடுக்காம அப்பிடியே கட்டிலுக்குக் கீழ வச்சிரிக்கா.

"முதல் நாள் சனம் வரல்லயெண்டா அந்தச் சூட்கேஸோட திரும்ப பிளேன் ஏறவேண்டியதுதான்" எண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டு சொன்னா. கண்ணால தண்ணி வந்தது. வெங்காயத்துக்கா மாமாக்கா எண்டு கேக்க எனக்குத் துணிவில்ல.

அப்ப சனம் வரணும். சனம் வரணுமெண்டா அறிவித்தல் போகணும்.

எங்கட பக்கம் அறிவித்தல் எண்டா ஓட்டோதான். மேல ரெண்டு கூம்பு ஸ்பீக்கர் கட்டி, ரெண்டு பக்கமும் பெனர் தொங்கவிட்டு ஒழுங்கை ஒழுங்கையாப் போகும். கோயில் திருவிழா, கரண்ட் வெட்டு, மரண அறிவித்தல், டியூசன் கிளாஸ், எல்லாம் அதுலதான். ஏறாவூர் அன்வர் நானாதான் இதுல கெட்டிக்காரன். பதினஞ்சு வருசமா ஸ்பீக்கருக்குக் கீழ இருந்து ஓடுறாரு. காதுல பஞ்சு.

மாமா எனக்குச் சொன்னது ஒண்டே ஒண்டு. "தம்பி, எல்லாரும் போடுற மாதிரி அறிவித்தல் வேணாம். வித்தியாசமா இரிக்கணும்."

இதே வசனத்த அன்வர் நானாக்கும் சொல்லியிருக்காரு. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இனி என்ட கதை. பாசிக்குடாவுல ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறாங்க. கடை திறந்து அடுத்த கிழமை இன்டர்வியூ. இங்கிலீஷ் கதைக்கத் தெரியணும். எனக்கு இங்கிலீஷ் விளங்கும். கதைக்கப் போனா மட்டும் நாக்கு லீவு போடும்.

அதுக்கு யூடியூப்ல ஒரு அக்கா வழி சொன்னா. மோடல் வேர்ப் ஆறையும் பிடி, பாதி இங்கிலீஷ் கைக்குள்ள எண்டு. கேன், குட், மே, மைட், ஷுட், மஸ்ட். நான் அப்பிடியே விழுந்திட்டன். என்ன வடிவான சாமான்கள் தெரியுமா? கேன் எண்டா ஏலும். குட் எண்டா முந்தி ஏலும், இல்லாட்டி மரியாதையாக் கேக்கிறது. மே எண்டா அனுமதி. மைட் எண்டா நடந்தாலும் நடக்கும், நடக்காட்டியும் இல்ல. ஷுட் எண்டா செய்தா நல்லது. மஸ்ட் எண்டா கட்டாயம். எங்கட அம்மா காலையிலிருந்து படுக்கும்வரை கதைக்கிறது முழுக்க மஸ்ட்தான்.

அந்த அக்கா இன்னொண்டும் சொன்னா. "உங்கட குரலை ரெக்கோர்ட் பண்ணித் திரும்பத் திரும்பக் கேளுங்க."

பண்ணினன். வெள்ளிக்கிழமை பின்னேரம், அறைக்கதவப் பூட்டிட்டு, ஒரே ஒரு வினைச்சொல்ல எடுத்து ஆறையும் அதோட கோத்தன். எடுத்த சொல்லு, ஸ்விம். நீந்துறது. வாவிக்கரையில பிறந்தும் எனக்கு நீந்தத் தெரியா. ஏன் அந்தச் சொல்ல எடுத்தனெண்டு இண்டைக்கும் விளங்கல்ல.

குசினி ரேடியோவுல போட்டுக் கேப்பமெண்டு அதையும் அதே பென்ட்ரைவ்ல ஏத்தினன். மறுகா, அதுக்குப் பின்னால, மாமாட அறிவித்தலயும் ஏத்தினன். சனிக்கிழமை காலையில அன்வர் நானாட கையில குடுத்தன்.

அவர்ட ஓட்டோவுல பாட்டுப் போடுற பெட்டியில அடுத்த பாட்டுக்குப் போற பட்டன் எப்பவோ உடைஞ்சிட்டு. முதல்ல கிடக்கிறத மட்டும்தான் படிக்கும். முடிஞ்சா திரும்ப அதையே படிக்கும்.

பத்து மணி போல கடை வாசல்ல வாழைமரம் கட்டிக்கொண்டு நிக்கிறன். தூரத்துல ஒரு குரல் கேக்குது. ஆரோ தொண்டையச் செருமுறான். மறுகா,

"ஐ கேன் ஸ்விம். நான் நீந்துவன். ஏலும். ஐ குட் ஸ்விம். முந்தி நீந்தினன். ஐ மைட் ஸ்விம். நீந்தினாலும் நீந்துவன்."

ஆருடா இந்த விசரன் எண்டு நினைச்சன்.

மறுகா அம்மாட குரல் வந்தது. செங்கலடி முழுக்கக் கேக்கிற மாதிரி.

"டேய் நிரோ, மழை இருட்டுது. உன்ட உள்சட்டையெல்லாம் கொடியில கிடக்கு. எடுத்துப் போடுடா."

மறுகா திரும்ப நான். "யூ மஸ்ட் நொட் டிஸ்டர்ப் மீ."

மறுகா அம்மா. "என்னடா, என்னையா ஏசுறாய்?"

வாழைமரம் கையால விழுந்திட்டு.

அன்வர் நானாக்கு கோல் எடுத்தன். ரிங் போகுது. அவருக்கு எங்க கேக்கும்? காதுல பஞ்சு, தலைக்கு மேல நான்.

மாமாட பழைய சைக்கிள எடுத்து மிதிச்சன்.

ஸ்பீக்கர் ஓட்டோவத் துரத்தினவனுக்குத்தான் தெரியும், சத்தம் எல்லாப் பக்கத்தாலயும் வரும். இடப்பக்க ஒழுங்கையில நான் நீந்த ஏலுமெண்டு சொல்றன். திரும்பிப் போனா அங்க நானில்ல. வலப்பக்கம் தூரத்துல கட்டாயம் நீந்தணுமெண்டு சொல்றன். அங்க போறதுக்குள்ள சைக்கிள் செயின் கழண்டிட்டு. அத மாட்டிக்கொண்டிருக்கக்குள்ள பின் ஒழுங்கையில அம்மா என்ட உள்சட்டைய எடுக்கச் சொல்றா.

கேற்றுக்கு வெளியால நிண்ட ஒரு ஐயா கேட்டாரு. "தம்பி, அந்தப் பொடியன் உள்சட்டைய எடுத்தானா இல்லியா? ரெண்டுதரம் கேட்டிட்டன், முடிவு சொல்றானில்ல."

"எடுத்தான் ஐயா" எண்டன்.

"அப்ப சரி" எண்டு உள்ள போயிட்டாரு.

வாவிப்பக்கம் சத்தம் போனது. நானும் போனன். கரையில வலை காய வச்சுக்கொண்டு நிண்டவரு என்ட முகத்தப் பாத்திட்டுச் சொன்னாரு. "நீந்தப் போறனெண்டு ஒருத்தன் காலையிலருந்து சொல்லிக்கொண்டு திரியிறான். கண்டா சொல்லு தம்பி, இதுக்குள்ள முதலை கிடக்கு."

"சொல்றன் அண்ணே."

"அவனுக்கு ஆரும் இல்லியா?"

"அம்மா இரிக்கா."

"ஓம், அவட குரலும் கேட்டது. பாவம் அந்த மனுசி."

கடைசியில பிடிச்ச இடம் எது தெரியுமா? வந்தாறுமூலை, கம்பஸ் கேற்றடி. ஓட்டோவச் சுத்தி ஒரு கூட்டம் பொடியனுகள். ஸ்பீக்கர் "ஐ ஷுட்" எண்டு சொல்ல, அவனுகள் எல்லாரும் சேந்து "ஸ்விம்" எண்டு சொல்றானுகள். ஒரு பிள்ளை போன்ல வீடியோ எடுக்குது. அன்வர் நானா பெருமையா ஓட்டோவுக்குள்ள இருந்து பிளேன்டீ குடிக்கிறாரு.

நான் போய்ப் பெட்டிய நிப்பாட்டினன்.

"நானா, இது அறிவித்தல் இல்ல."

காதால பஞ்ச எடுத்தாரு. "என்ன தம்பி?"

"இது அறிவித்தல் இல்ல நானா. நான் இங்கிலீஷ் பழகினது."

"மாமாதானே வித்தியாசமா இரிக்கணுமெண்டாரு. நானும் இவ்வளவு காலமா ஓடுறன், இந்த மாதிரிச் சனம் வெளியால வந்து நிண்டு கேட்ட அறிவித்தல் ஒண்டுமில்ல."

"இதுல பிரியாணியெண்டு ஒரு சொல்லு வருகுதா நானா?"

கொஞ்சம் யோசிச்சாரு. "இங்கிலீஷ்ல சொல்றீங்களாக்குமெண்டு நினைச்சன்."

போன்ல கிடந்த சரியான அறிவித்தல பென்ட்ரைவ்ல தனியா ஏத்திப் போட்டம். பெட்டி "அன்பார்ந்த" எண்டு சொல்லிச்சு. அதோட பெற்றரி செத்துப் போயிட்டு.

காலை முழுக்க என்னைக் கேட்டே முடிஞ்சிரிக்கு அந்தப் பெற்றரி.

திரும்பி வரக்குள்ள மத்தியானம். கடைக்குள்ள ரெண்டு கிடாரம் பிரியாணி, ஒரு சனம் இல்ல. மாமா புதுக் கதிரையொண்டுல இருந்து ரோட்டப் பாத்துக்கொண்டிருக்காரு. மாமி கிடாரத்த மூடி வச்சிட்டா. மாமி மூடினாவெண்டா அடுத்தது சூட்கேஸ்தான்.

"மாமா," எண்டன். "ஒரு பிழை நடந்திட்டு."

"தெரியும்," எண்டாரு. "கேட்டது."

அந்த நேரம் பாத்து வாசல்ல ஒரு அம்மா. கையப் பிடிச்சுக்கொண்டு ஒரு பிள்ளை, பிள்ளைட தோள்ல ஸ்கூல் பேக்.

"இதுதானே கிளாஸ் நடக்கிற இடம்?"

மாமா எழும்பிட்டாரு. "என்ன கிளாஸ்?"

"ஸ்போக்கன் இங்கிலீஷ். காலையில ஓட்டோவுல போனிச்சே. பெனர்ல இந்த அட்ரஸ்தானே கிடக்கு? சேர்ட படமும் இதுதானே?"

அப்பதான் எனக்கு உறைச்சிது. பெனருக்கு மாமா குடுத்த படம், கட்டார்ல கம்பனிப் பார்ட்டியில எடுத்தது. கோட்டு, டை, கைகட்டு. எங்கட ஊர்ல கோட்டுப் போட்டு பெனர்ல கை கட்டி நிக்கிறவன் ஒரே ஒரு சாதி, டியூசன் சேர். பெனர்ல பிரியாணியெண்டும் கிடந்ததுதான். ஆனா கோட்டுப் போட்டவன்ட பெனர்ல எழுத்த ஆரு வாசிக்கிறது?

மாமாக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் ரெண்டு. அதுல ஒண்டச் சொன்னாரு. "நோ புரொப்ளம்."

அந்த அம்மா உடன மகளப் பாத்து, "பாத்தியா, சேர் எப்பிடிக் கதைக்கிறாரு" எண்டா.

அவவுக்குப் பின்னால இன்னொரு அம்மா. அவவுக்குப் பின்னால மோட்டர் சைக்கிள்ல ஒரு அப்பா, முன்னால ஒண்டும் பின்னால ரெண்டுமாப் பிள்ளையள். கொஞ்ச நேரத்துல வாழைமரத்துக்கிட்ட லைன். எங்கட பக்கம் புது இங்கிலீஷ் கிளாஸ் எண்டா முன் வாங்கு பிடிக்கிற அவசரம் உங்களுக்குத் தெரியுந்தானே.

எனக்குத் தாங்க ஏலாமப் போயிட்டு. முன்னுக்குப் போய் உண்மையச் சொன்னன்.

"அக்கா, இது சாப்பாட்டுக்கடை. அது என்ட குரல். நான் சேர் இல்ல. நானே இப்பதான் பழகுறன்."

அந்த அம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தா. "அப்ப காலையில கதைச்சது நீங்கதானே?"

"ஓம்."

"பிறகென்ன தம்பி? மற்ற சேர்மார் ஒருக்காச் சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருவாங்க. நீங்கதான் காலையிலருந்து சொன்னதயே சொல்லிக்கொண்டிருந்தீங்க. இவளுக்குப் பாடமாகிட்டு. சொல்லு மகள்."

"ஐ கேன் ஸ்விம். ஐ குட் ஸ்விம். ஐ மைட் ஸ்விம்" எண்டு பிள்ளை மூச்சு விடாமச் சொல்லிச்சு. முடிச்சிட்டு, "டேய் நிரோ, உன்ட உள்சட்டை" எண்டும் தொடங்கிச்சு. தாய் வாயப் பொத்தினா.

மோட்டர் சைக்கிள் அப்பா கேட்டாரு. "நடுவுல கதைச்ச டீச்சரும் வருவாவா? அவட குரல் நல்ல தெளிவு."

"அவ வீட்ட நிக்கிறா," எண்டன்.

இதுக்குள்ள மாமி கரண்டியோட வெளியால வந்திட்டா. லைனப் பாத்தா. கிடாரத்தப் பாத்தா. மாமாவப் பாத்தா.

"பிள்ளையள் வெறும் வயித்தோடயா படிக்கிற? முதல்ல எல்லாரும் இருந்து சாப்பிடுங்க. சேர் கை கழுவிட்டு வருவாரு."

சேர் எண்டது என்னை. கை கழுவப் போனன். அதுவும் மஸ்ட்தான்.

பின்னேரத்துக்குள்ள முதல் கிடாரம் முடிஞ்சு ரெண்டாவதும் அடி தட்டிட்டு. சாப்பிட்டு முடிச்ச மேசையிலயே பிள்ளையள் கொப்பிய விரிச்சுதுகள். நான் எனக்குத் தெரிஞ்ச ஆறையும் சொன்னன். ஏழாவது கேட்டா செத்தன். ஆரும் கேக்கல்ல. "கேன் ஐ ஹேவ் மோர் பிரியாணி?" எண்டு ஒரு பொடியன் தானாக் கேட்டான். அதுக்கு அவன்ட அப்பா எழும்பிக் கை தட்டினாரு. பக்கத்து மேசைக்காரர் அவர்ட பிள்ளையும் கேக்கணுமெண்டு அவனுக்கும் ஒரு பிளேட் சொன்னாரு. மறுகா எல்லா மேசையும் கேட்டுது. இங்கிலீஷ் இப்பிடி விக்குமெண்டு மாமா கட்டார்லயும் காணல்லயாம்.

இப்ப ஒவ்வொரு நாளும் பின்னேரம் கடையில கிளாஸ். கிளாஸுக்கு ஒண்டும் எடுக்கிறேல்ல, சாப்பாட்டுக்குத்தான். அன்வர் நானா திரும்ப ஓடுறாரு, அதே ரெக்கோர்டோட. மாத்த வேணாமாம், சனம் பழகிட்டாம். அம்மா ஒழுங்கையில போகக்குள்ள சனம் டீச்சர் எண்டு கும்பிடுது. இவவும் தலையாட்டுறா.

மாமி சூட்கேஸ வெளியால எடுத்திட்டா. உள்ளுக்க இப்ப பிள்ளையள்ட கொப்பி.

என்ட இன்டர்வியூ நாளைக்குப் பின்னேரம். போவனா தெரியா, கிளாஸ் கிடக்கு.

நேத்து கிளாஸ் முடியக்குள்ள முன் வாங்குல இருந்த, முதல் நாள் பாடமாச் சொன்ன அந்தப் பிள்ளை கைய உயர்த்திக் கேட்டிச்சு. "சேர், உங்களுக்கு உண்மையா நீந்தத் தெரியுமா?"

"மைட்" எண்டு சொல்லிட்டு லைட்ட நிப்பாட்டினன்.